திண்ணை, பட்டாசல், அரங்கு: குடும்ப வரலாற்றைச் சொந்தக்காரர்களோடு பகிர ஒரு முழுமையான வழிகாட்டி

மூன்று வருடங்களுக்கு முன்பு ஒரு ஞாயிற்றுக்கிழமை ராத்திரி, எங்கள் குடும்ப வாட்ஸ்அப் குழுவில் ஒரு பி.டி.எஃப் போட்டேன். ஐந்து தலைமுறை, 212 பேர். ஒவ்வொருவருக்கும் பிறந்த தேதி, கல்யாணத் தேதி, இப்போது இருக்கும் ஊர். அம்பாசமுத்திரம் பக்கத்திலிருந்து ரங்கூன் வரை போய், 1942-ல் ஜப்பான்காரன் குண்டு போட்டபோது கால்நடையாகத் திரும்பி வந்த பூட்டனாரின் கதை முன்னுரையில். இரண்டு வருட உழைப்பு. கைதட்டும் பொம்மைகள் வரிசையாக வந்து விழுந்தன. நிம்மதியாகத் தூங்கப் போனேன். மறுநாள் காலை ஆறரை மணிக்குச் சித்தி போன் செய்தாள்.

சித்திக்கு முதலில் ஒரு கல்யாணம் நடந்து பதினோரு மாதத்தில் முடிந்துபோயிருந்தது. பெரியப்பா ஒருமுறை பேச்சுவாக்கில் சொன்னதை நான் குறித்து வைத்திருந்தேன். வம்சாவளிப் படத்தில் அது ஒரு சின்னக் கோடு, அதன் மேல் ஒரு வருடம், அவ்வளவுதான். சித்தியின் மகளுக்கு அந்த விஷயம் தெரியாது. அன்று ராத்திரி தெரிந்துவிட்டது.

"நீ எழுதுனது பொய்யின்னு நான் சொல்லல. ஆனா அத அவகிட்ட நான்லா சொல்லணும்?"

என்னிடம் பதில் இல்லை. அதற்குப் பிறகு மொத்தத்தையும் அக்குவேறு ஆணிவேறாகப் பிரித்துத் திரும்பச் செய்தேன். எப்படிச் செய்தேன் என்பதுதான் கீழே வருவது. உங்கள் வீட்டில் யாராவது வம்சாவளி எழுதக் கிளம்பியிருந்தால், அவர்கள் குழுவில் எதையும் போடுவதற்கு முன்பு இதைக் காட்டுங்கள்.

1. வீட்டை மூன்றாகப் பிரித்துக்கொள்ளுங்கள்

எங்கள் பக்கத்துப் பழைய வீடுகளில் தெருவை ஒட்டித் திண்ணை இருக்கும். தபால்காரர், வழிப்போக்கர், யார் வேண்டுமானாலும் உட்காரலாம். உள்ளே போனால் பட்டாசல், அதாவது கூடம். சொந்தபந்தம் வந்தால் காபி குடிப்பது அங்கே. அதற்கும் உள்ளே ஜன்னல் இல்லாத அரங்கு. நெல், நகை, பத்திரம் எல்லாம் அங்கேதான் இருக்கும். சாவி ஆச்சியின் இடுப்பில்.

குடும்ப வரலாற்றையும் இப்படி மூன்று பிரதிகளாக வையுங்கள். அரங்குப் பிரதியில் நீங்கள் சேகரித்த எல்லாம் இருக்கும். அது உங்களிடமும் இன்னொருவரிடமும் மட்டும் இருக்கட்டும். பட்டாசல் பிரதி சொந்தக்காரர்களுக்கு. திண்ணைப் பிரதி யார் கண்ணில் பட்டாலும் பாதகமில்லாதது: பூர்வீக ஊர், குலதெய்வம், காலமான மூத்தோர், இடம்பெயர்ந்த கதை.

"நம்ம குடும்பக் குழுவுக்குள்ளதானே போடுறேன், எதுக்கு இவ்வளவு?" என்று தோன்றும். எனக்கும் தோன்றியது. எங்கள் குழுவில் 140 பேர் இருந்தார்கள். உட்கார்ந்து எண்ணிப் பார்த்தபோது 9 எண்கள் யாருடையவை என்றே தெரியவில்லை. ஒன்று, யாரோ ஒருவர் கல்யாணத்துக்குப் பந்தல் போட்டவருடைய எண். ஆகவே பட்டாசல் பிரதியை எழுதும்போது, இது ஒருநாள் திண்ணைக்கு வந்தே தீரும் என்று நினைத்துக்கொண்டே எழுதுங்கள்.

2. சேகரிக்கும்போதே வரம்பு வையுங்கள்

கல்யாணப் பத்திரிகை, கருமாதிப் பத்திரிகை, பத்திரங்கள், ஜாதகக் கட்டுகள், பள்ளிக்கூட டி.சி. இவையெல்லாம் எல்லாரும் சொல்லும் மூலங்கள். என் அனுபவத்தில் இவற்றை எல்லாம் விழுங்கிவிடுவது மொய் நோட்டுதான். 1968-ல் அத்தை கல்யாணத்துக்கு எழுதிய நோட்டில் ஊர்வாரியாக, இன்னார் மகன் இன்னார் என்று 300 பெயர்கள். எந்த ஊரில் நமக்குச் சொந்தம் இருந்தது, யார் அப்போது உயிரோடு இருந்தார், யாருக்கும் யாருக்கும் பேச்சுவார்த்தை இல்லாமல் போயிருந்தது, எல்லாம் அதில் தெரியும். ஆனால் பெயருக்கு எதிரே தொகையும் இருக்கும். ஐந்து ரூபாய் வைத்த பெரிய மனுஷனும் இருப்பார், நூறு ரூபாய் வைத்த ஏழை மாமாவும் இருப்பார். பெயரும் ஊரும் பட்டாசலுக்கு வரலாம். தொகை அரங்கைத் தாண்டக் கூடாது. நோட்டுப் பக்கத்தைப் படம் எடுத்து அப்படியே குழுவில் போட்டால் ஐம்பது வருடத்துக்கு முந்தைய மனத்தாங்கல் ஒன்று உயிர்த்தெழும். பார்த்திருக்கிறேன்.

பெரியவர்களிடம் பேசும்போது போனில் பதிவு செய்வதென்றால் முதலில் சொல்லிவிட்டுச் செய்யுங்கள். ஆச்சிகள் பதிவை மறந்துவிட்டுப் பேச ஆரம்பிப்பார்கள். நடுவில் "இத எழுதிராத" என்று ஒரு வார்த்தை வரும். அந்த இடத்தில் பதிவை நிறுத்திவிடுங்கள். அதற்கு முன்னால் சொன்னதையும் சேர்த்துத்தான் அவர் சொல்கிறார் என்று எடுத்துக்கொள்ளுங்கள். இன்னொன்று: ஒருவர் தன்னைப் பற்றிச் சொல்வது வேறு, நாத்தனாரைப் பற்றிச் சொல்வது வேறு. நோட்டில் ஒவ்வொரு தகவலுக்கும் பக்கத்தில் யார் சொன்னது என்று எழுதுங்கள். சித்தி விஷயத்தில் நான் செய்த பிழை அதுதான். சொன்னது பெரியப்பா, வாழ்ந்தது சித்தி. என் குறிப்பில் அந்த வித்தியாசமே இல்லை.

பேசிய ஒலியை எழுத்தாக்கித் தரும் இலவசச் செயலிகளில் ஏற்றுவதற்கு முன் கொஞ்சம் யோசியுங்கள். பல செயலிகளில் அந்த ஒலி அவர்கள் சர்வருக்குப் போய்த்தான் எழுத்தாகத் திரும்பி வருகிறது. உயிரோடு இருப்பவர்களின் அந்தரங்கம் அதில் இருந்தால், சிரமம் பார்க்காமல் கையாலேயே எழுதிவிடுவது நல்லது.

3. பிறந்த தேதி என்ற சாவி

வம்சாவளி எழுதுகிறவர்களுக்குத் தேதி என்றால் ஒரு மோகம். சரி, வரலாற்றுக்கு வருடம் போதும். நாளும் மாதமும் யாருக்குப் பயன்படும் என்று பாருங்கள்.

இணையத்திலிருந்து இறக்கும் ஆதார் பி.டி.எஃப்பைத் திறக்கும் கடவுச்சொல் என்ன? பெயரின் முதல் நான்கு ஆங்கில எழுத்துகள், பெரிய எழுத்தில். கூடவே பிறந்த வருடம். இ-பான் அட்டைக்குக் கடவுச்சொல் பிறந்த தேதி, மாதம், வருடம், எட்டு இலக்கம். குடும்பக் குழுவில் "தம்பி, இத பிரிண்ட் எடுத்து வை" என்று ஆதார் பி.டி.எஃப்பைப் போடாத மாமா உண்டா? அதே குழுவில் நீங்கள் 212 பேரின் பெயரையும் பிறந்த தேதியையும் போட்டால், பூட்டையும் சாவியையும் ஒரே ஆணியில் மாட்டியதாகிவிடும்.

அடுத்தது அம்மா பெயர். வங்கியிலிருந்து பேசினாலும், நீங்கள் வங்கிக்குப் பேசினாலும், அடையாளம் சரிபார்க்கக் கேட்கும் கேள்விகளில் பிறந்த தேதியும் அம்மா பெயரும் அடிக்கடி வரும். வம்சாவளியில் அம்மா பெயரை மறைக்க முடியாது. மறைத்தால் அது வம்சாவளியே இல்லை. அதனால் தேதியை மறையுங்கள். வங்கிக் கணக்குக்கும் மெயிலுக்கும் நினைவூட்டும் கேள்வியாகக் குலதெய்வம், பூர்வீக ஊர், தாத்தா பெயர் எதையாவது வைத்திருந்தால் இன்றே மாற்றிவிடுங்கள். உங்கள் வம்சாவளி முழுக்க அந்தக் கேள்விகளுக்கான விடைத்தாள்தான்.

நம் ஊருக்கே உரிய இன்னொரு சிக்கலும் உண்டு. போன தலைமுறையில் பாதிப் பேருக்கு இரண்டு பிறந்த தேதிகள். ஒன்று ஜாதகத்தில், இன்னொன்று பள்ளியில் சேர்க்கும்போது வாத்தியார் எழுதிய ஜூன் மாதத்துத் தேதி. வேலை, ஓய்வூதியம், பாஸ்போர்ட் எல்லாம் இரண்டாவதன் மேல் நிற்கின்றன. ஜாதகத் தேதியைத் துப்பறிந்து கண்டுபிடித்துப் பெருமையாகப் பட்டாசலில் வைத்தால், அரசாங்க வேலையில் இருக்கும் அத்தானுக்கு வீண் தலைவலி. வரன் பார்த்துக்கொண்டிருக்கும் வீடுகளிலும் வயது ஒரு பெரிய விஷயம். உயிரோடு இருப்பவர்களுக்குப் "1950-கள்" என்று பத்தாண்டு மட்டும் போடுங்கள். ஜாதகக் கட்டம் வெளியே வரவே வேண்டாம். அதில் நேரம், இடம், தேதி, பெற்றோர் பெயர் எல்லாம் ஒரே பக்கத்தில் இருக்கும்.

4. ஒரே ஆளை மூன்று விதமாக எழுதிப் பாருங்கள்

எங்கள் அத்தை ஒருவரின் குறிப்பு மூன்று பிரதிகளிலும் எப்படி வந்தது என்று காட்டுகிறேன்.

அரங்கில்: "மூன்றாவது மகள். ஜாதகப்படி 1951 ஐப்பசி, டி.சி.யில் 1953 ஜூன். எட்டாம் வகுப்போடு நிறுத்தினார்கள். அண்ணன் படிப்புக்குப் பணம் போதவில்லை. கல்யாணம் 1972, நகை 22 பவுன், பாதி 1975-ல் அடகில் போனது, திரும்பவில்லை. கர்ப்பப்பை ஆபரேஷன். மதுரையில் இன்ன தெருவில் இளைய மகனோடு."

பட்டாசலில்: "மூன்றாவது மகள், 1950-களில் பிறந்தவர். எட்டாம் வகுப்பு வரை படித்தார். 1972-ல் கல்யாணம். இரண்டு மகன், ஒரு மகள். மதுரை."

திண்ணையில்: "மூன்றாவது மகள்."

பட்டாசல் பிரதியை அத்தைக்குப் படித்துக் காட்டியபோது ஒரு நிமிடம் பேசாமல் இருந்தார். அப்புறம், "எதுக்கு நிப்பாட்டுனாங்கன்னு எழுதலையே நீ" என்றார். எழுதலாமா அத்தை என்றேன். "எழுது. நல்லா எழுது. உங்க அப்பன் படிச்சது எம் படிப்புலதான்னு எழுது." எழுதினேன். எங்கள் பட்டாசல் பிரதியிலேயே கனமான வரி அதுதான். கேட்காமல் எழுதுவது போலவே, கேட்காமல் மறைப்பதும் சில நேரம் அநியாயமாகிவிடுகிறது.

5. ஒப்புதல் கேட்பது எப்படி

"எல்லாரும் பாத்துட்டு ஏதாவது தப்பு இருந்தா சொல்லுங்க" என்று குழுவில் போடுவது ஒப்புதல் ஆகாது. தனித்தனியாக, அவரவர் பகுதியை மட்டும் அனுப்ப வேண்டும். நான் அனுப்பியது இப்படி:

"அத்தே, நம்ம குடும்ப வரலாறு எழுதிட்டிருக்கேன். உங்களப் பத்தி இதுல இவ்வளவுதான் இருக்கு: பேரு, எந்த பத்து வருஷத்துல பொறந்தீங்க, மாமா பேரு, பிள்ளைங்க எத்தன பேரு. ஒரு போட்டோ, 1987 பொங்கலுக்கு எடுத்தது. எத வேணாம்னாலும் எடுத்துருதேன், ஏன்னு கேக்க மாட்டேன். பதில் வரலைன்னா உங்க பகுதி இல்லாமத்தான் மத்தவங்களுக்குப் போகும்."

கடைசி இரண்டு வாக்கியங்களை விட்டுவிடாதீர்கள். ஏன் என்று கேட்கமாட்டேன் என்பதுதான் பலருக்கும் வாயைத் திறக்கவே துணிச்சல் கொடுக்கிறது. மௌனத்தைச் சம்மதமாக எடுத்துக்கொள்வது நம் வழக்கம். இந்த விஷயத்தில் அது வேண்டாம். யார், எந்தத் தேதியில், எதற்கு ஒப்புக்கொண்டார் என்பதை ஒரு நோட்டில் குறித்து வையுங்கள். வாட்ஸ்அப் வராத பெரியவர்களுக்கு நேரில் போய்ப் படித்துக் காட்டுங்கள், ஆனால் மருமகளையோ மகனையோ பக்கத்தில் வைத்துக்கொண்டு வேண்டாம்.

சின்னப் பிள்ளைகளுக்குப் பெற்றோர் இரண்டு பேரும் ஒப்புக்கொண்டால் பெயர் மட்டும். பள்ளிக்கூடப் பெயர், சீருடைப் படம் வேண்டவே வேண்டாம்.

6. கேட்கவே கூடாதவை, கேட்டாலும் போடக் கூடாதவை

தத்து எடுத்த பிள்ளை, இரண்டாம் தாரம், தற்கொலை, மனநலச் சிகிச்சை, சிறை, தீராக் கடன். இவை ஒவ்வொன்றும் குடும்ப வரலாறுதான், மறுக்கவில்லை. ஆனால் முதல் உரிமை சம்பந்தப்பட்டவருக்கு. அவர் இல்லையென்றால் அவரால் இன்றும் பாதிக்கப்படக்கூடியவருக்கு. இறந்தவர்கள் பற்றி எது வேண்டுமானாலும் எழுதலாம் என்ற பொதுவான விதி இங்கேதான் உடைகிறது. தாத்தா போய் நாற்பது வருடம் ஆகியிருக்கலாம், அவருடைய இன்னொரு வீட்டுப் பிள்ளைகள் தென்காசியில் கடை வைத்து நடத்திக்கொண்டிருப்பார்கள். ஒருவருக்கு எச்.ஐ.வி. இருப்பதை அவர் சம்மதமில்லாமல் வெளியிடுவதை 2017-ஆம் வருடத்துச் சட்டமே தடை செய்கிறது. மற்ற நோய்களுக்கும் அதே மரியாதையைக் கொடுத்துவிடுங்கள்.

வீட்டை எதிர்த்துச் சாதி மாறிக் கல்யாணம் செய்தவர்கள் விஷயத்தில் கொஞ்சம் நிற்க வேண்டும். வம்சாவளியில் அவர்களை விட்டுவிடுவது ஒரு கொடுமை. பல குடும்பங்களில் அப்படித்தான் ஒரு கிளையே காணாமல் போகிறது. ஆனால் அவர்கள் இருக்கும் ஊர், வேலை பார்க்கும் இடம், பிள்ளைகளின் படம் என்று எதுவும் அவர்கள் வாயால் சொல்லாமல் ஏறக் கூடாது. உடுமலைப்பேட்டையில் 2016-ல் பட்டப்பகலில், பேருந்து நிலையத்துப் பக்கம், சாதி மாறிக் கல்யாணம் செய்த சங்கர் வெட்டிக் கொல்லப்பட்டதை யாரும் மறந்திருக்க மாட்டோம். சில வீடுகளில் முகவரி என்பது உயிர் சம்பந்தப்பட்ட தகவல். அவர்களிடம் தனியாகக் கேளுங்கள்: பெயர் வரலாமா, வந்தால் எப்படி வர வேண்டும்? "வேணாம்" என்றால் அவர்களுக்குரிய இடத்தை அரங்குப் பிரதியில் பத்திரமாக வையுங்கள்.

சாதிப் பட்டத்தைப் பெயரிலிருந்து எடுத்துவிட்டுப் பிள்ளைகளை வளர்ப்பவர்களும் குடும்பத்தில் இருப்பார்கள். பூட்டனாருக்கு இருந்த பட்டத்தைப் பேத்திக்கும் ஒட்டிவிடாதீர்கள்.

சொத்து விவரம் பற்றிச் சுருக்கமாக: சர்வே எண்ணும் கிராமமும் தெரிந்தால் பட்டா விவரத்தை இணையத்தில் பார்த்துவிடலாம். பூர்வீக வீடு, வயல் பற்றி எழுதுங்கள், எண்களை எழுதாதீர்கள். பாகப்பிரிவினை வழக்கு ஏதாவது நடந்துகொண்டிருந்தால் அது முடியும்வரை அந்த அத்தியாயத்தையே மூடி வையுங்கள்.

7. பழைய படங்கள்

கறுப்பு வெள்ளைப் படத்தின் பின்பக்கத்தையும் ஸ்கேன் செய்யுங்கள். ஸ்டுடியோ முத்திரை, பென்சிலில் எழுதிய பெயர் எல்லாம் அங்கே இருக்கும். பின்பக்கம் அரங்குக்கு, முன்பக்கம் பட்டாசலுக்கு.

போனில் எடுத்த புதுப் படங்களில் வேறு வில்லங்கம். இருப்பிடம் காட்டும் வசதி இயங்கிக்கொண்டிருந்தால் படத்துக்குள்ளேயே ஜி.பி.எஸ் புள்ளி பதிந்துவிடும். வாட்ஸ்அப்பில் சாதாரணப் படமாக அனுப்பினால் அது கழன்றுவிடுகிறது. தரம் குறையக் கூடாதென்று "டாக்குமென்ட்" ஆக அனுப்புகிறோமே, அப்போது அப்படியே போகிறது. மெயிலிலும் அப்படியே. அத்தை வீட்டுக் கூடத்தில் எடுத்த படத்தை அப்படி அனுப்பினால் வீட்டு வாசல்வரை வழிகாட்டியது போல. அனுப்பும் முன் இருப்பிடத்தை நீக்கும் வசதி போனிலேயே இருக்கும், தேடிப் பாருங்கள். படத்தின் பின்னணியையும் பாருங்கள்: பீரோக் கதவு திறந்திருக்கிறதா, மேஜை மேல் ஏதாவது சீட்டு கிடக்கிறதா, வண்டி எண் தெரிகிறதா.

8. பிரதியைத் தயார் செய்தல்

முக்கியமான எச்சரிக்கை ஒன்று. பி.டி.எஃப்பில் ஒரு வரியின் மேல் கறுப்புப் பட்டை வரைந்தால் அது மறைந்ததாக அர்த்தமில்லை. பல செயலிகளில் பட்டைக்குக் கீழே எழுத்து அப்படியே இருக்கும். இழுத்துத் தேர்வு செய்து வேறு இடத்தில் ஒட்டினால் வந்துவிடும். மூலக் கோப்பிலேயே அந்த வரியை அழித்துவிட்டு, புதிதாக பி.டி.எஃப் எடுங்கள். எக்ஸெல்லில் மறைத்து வைத்த நெடுவரிசைக்கும் இதே கதிதான்.

ஐம்பது அறுபது பேருக்கு நோட்டும் எக்ஸெல்லும் போதும். அதற்கு மேல் போனால் கிராம்ப்ஸ் என்ற இலவச மென்பொருளைப் பாருங்கள். உங்கள் கணினியிலேயே ஓடும், எங்கும் எதையும் ஏற்றாது. ஒவ்வொரு தகவலையும் "பிரைவேட்" என்று குறித்து வைக்கலாம். வெளியே எடுக்கும்போது பிரைவேட் தகவல் வேண்டாம், உயிரோடு இருப்பவர்கள் வேண்டாம் என்று சொன்னால் தானே வடிகட்டித் தரும். அரங்கு ஒன்றை மட்டும் பராமரித்தால் மற்ற இரண்டும் அதிலிருந்து பிறந்துகொள்ளும் என்பது பெரிய சௌகரியம். தயாரானதும் பட்டாசல் பிரதியின் முதல் பக்கத்தில் யாருக்குக் கொடுத்தது, எந்த மாதம் என்று எழுதுங்கள். தன் பெயர் போட்ட பிரதியை யாரும் அவ்வளவு எளிதில் கைமாற்றுவதில்லை.

9. எப்படி அனுப்புவது

அச்சடித்த புத்தகம்தான் என் முதல் சிபாரிசு. எங்களுக்கு 45 பிரதி போதுமானதாக இருந்தது. கோயில் கொடைக்கு எல்லாரும் வரும்போது கையில் கொடுத்தோம். காகிதத்தை யாரும் தேடுபொறியில் தேட முடியாது. "கல்யாணப் பத்திரிகையில எல்லார் பேரும் விலாசமும் அடிச்சுத்தானே குடுக்கோம்" என்று மச்சான் ஒருவர் வாதம் செய்தார். நியாயம்தான். ஆனால் அது ஒரு கல்யாணத்தின் பத்திரிகை, ஒரு மாதத்தில் பரணுக்குப் போய்விடும். வம்சாவளி என்பது எல்லாப் பத்திரிகைகளையும் சேர்த்துத் தைத்த புத்தகம்.

கூகுள் டிரைவில் போடுவதென்றால் "லிங்க் உள்ள யாரும் பார்க்கலாம்" என்பதை விட்டுவிட்டு, ஒவ்வொருவரின் மெயில் முகவரியையும் சேர்த்துப் "பார்க்க மட்டும்" என்று கொடுங்கள். சிரமமான வேலை; அந்தச் சிரமம்தான் பாதுகாப்பு. வாட்ஸ்அப்தான் என்றால் இதற்கென்று தனிக் குழு தொடங்குங்கள், அட்மின் மட்டும் ஆட்களைச் சேர்க்கலாம் என்று வையுங்கள், அழைப்பு லிங்க்கைச் சுற்றில் விடாதீர்கள். 2025-ல் வந்த "அட்வான்ஸ்டு சாட் பிரைவசி" வசதியை இயக்கினால் மொத்த உரையாடலையும் வெளியே எடுப்பது, படங்கள் தானாகப் போனில் சேமிக்கப்படுவது இரண்டும் நிற்கும். ஸ்கிரீன்ஷாட்டை அது தடுக்காது.

10. வம்சாவளி இணையதளங்களும் எச்சில் பரிசோதனையும்

வெளிநாட்டில் இருக்கும் அண்ணன் பிள்ளைகள் முதலில் கேட்பது இதைத்தான்: "ஆன்லைனில் போட்டுவிடலாமே சித்தப்பா?" ஃபேமிலிசர்ச் என்ற வம்சாவளித் தளம் இலவசம், காலமானவர்களின் பக்கங்களை எல்லாரும் பார்க்கலாம், திருத்தவும் செய்யலாம். உயிரோடு இருப்பவர்களைச் சேர்த்தவருக்கு மட்டும் காட்டும். ஆக உங்கள் திண்ணைப் பிரதிக்கு அது பொருத்தம். அங்கே இறந்தவர்களை மட்டும் ஏற்றுங்கள். மற்ற தளங்களில் பதிவு செய்ததும் முதல் வேலையாக, உங்கள் வம்சாவளி மரம் யார் யார் கண்ணுக்குத் தெரியும் என்ற அமைப்பைத் திறந்து பாருங்கள். மைஹெரிடேஜ் தளத்தின் 9 கோடிக்கும் மேற்பட்ட பயனர்களின் மெயில் முகவரிகள் வெளியே போயிருந்தது 2018-ல் தெரிய வந்தது. எந்தத் தளமும் இரும்புக்கோட்டை கிடையாது.

டி.என்.ஏ விஷயத்தில், எச்சில் மாதிரியை வாங்கி மரபணுவைப் பரிசோதித்துச் சொல்லும் 23அண்ட்மீ நிறுவனத்துக்கு நடந்ததை அறிந்துவைப்பது நல்லது. 2023-ல் திருடர்கள், வேறு இடத்தில் கசிந்த கடவுச்சொற்களை வைத்துச் சுமார் 14,000 கணக்குகளில்தான் நுழைந்தார்கள். ஆனால் "மரபணு உறவினர்கள்" என்ற வசதி வழியாக 69 லட்சம் பேரின் விவரங்களை அள்ளிக்கொண்டு போனார்கள். உறவினர் ஒருவரின் சோம்பேறிக் கடவுச்சொல்லுக்கு முகம் தெரியாத சொந்தங்கள் விலை கொடுத்தார்கள். 2025 மார்ச்சில் அந்த நிறுவனம் திவால் மனு போட்டபோது, வாங்குகிறவர் கைக்கு அந்த எச்சில் மாதிரிகளும் போகுமா என்று பெரிய கவலை எழுந்தது. நீங்கள் ஒருவர் துப்பினால் உங்கள் அண்ணன் தம்பி, பிள்ளைகள் எல்லாருடைய மரபணுவிலும் ஒரு பங்கு சேர்ந்தே போகிறது. முடிவில் எதிர்பாராத அண்ணனோ தங்கையோ வந்து நிற்பதும் உண்டு. செய்ய வேண்டுமென்றால் நெருங்கிய உறவுகளிடம் சொல்லிவிட்டுச் செய்யுங்கள்.

சட்டம் காப்பாற்றுமா? இந்தியாவின் 2023 டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம், ஒருவர் தன் சொந்த அல்லது வீட்டுக் காரியத்துக்காகக் கையாளும் விவரங்களுக்குப் பொருந்தாது. ஐரோப்பாவிலும் வீட்டு விஷயத்துக்கு விலக்கு உண்டு. ஆனால் ஸ்வீடனில் ஒரு தேவாலயத் தொண்டர், சக ஊழியர் ஒருவர் காலில் அடிபட்டுப் பாதி நேர விடுப்பில் இருப்பதை இணையப் பக்கத்தில் எழுதி வழக்கு வந்தபோது, ஊரறிய இணையத்தில் போட்டால் அந்த விலக்கு கிடையாது என்று ஐரோப்பிய நீதிமன்றம் 2003-ல் சொல்லிவிட்டது. லண்டனிலோ பாரிஸிலோ இருக்கும் சொந்தக்காரர்கள் இதை நினைவில் வைக்கட்டும்.

11. தவறிப் போய்விட்டால்

வாட்ஸ்அப்பில் எல்லாருக்கும் சேர்த்து அழிக்க இரண்டரை நாள் அவகாசம் இருக்கிறது. உடனே அழியுங்கள், ஆனால் அதற்குள் இறக்கிக்கொண்டவர்கள் போனில் இருப்பது அழியாமல் போகலாம். பாதிக்கப்பட்டவருக்கு அடுத்த போன் உங்களுடையதாக இருக்க வேண்டும்; அவர் வேறு யாரிடமிருந்தோ கேள்விப்படக் கூடாது. குழுவில் விளக்கம் எழுதாதீர்கள். "இந்தப் பகுதியை அழித்துவிட்டேன்" என்று எழுதினால், பார்க்காமல் விட்டவர்களும் தேடிப் பார்க்கத் தொடங்கிவிடுவார்கள். இறக்கியிருப்பார்கள் என்று தோன்றும் நாலைந்து பேரிடம் மட்டும் தனியாகப் பேசுங்கள்.

குடும்ப விவரம் தெரிந்த குரலில், "உங்க பேரன் போலீஸ்ல மாட்டிக்கிட்டான், உடனே பணம் அனுப்புங்க" என்று பெரியவர்களுக்கு அழைப்பு வந்தால், போனை வைத்துவிட்டுப் பேரனுக்கே போன் போடச் சொல்லுங்கள். பணம் போய்விட்டதென்றால் சைபர் மோசடிக்கான உதவி எண் 1930-க்கு உடனே அழைக்க வேண்டும். எங்கள் பட்டாசல் பிரதியின் பின்னட்டையில் இந்த எண்ணை அச்சடித்திருக்கிறோம். வம்சாவளிப் புத்தகத்தில் இது எதற்கு என்று கேட்ட மாமாதான் இரண்டு மாதம் கழித்து அந்த எண்ணுக்கு அழைத்தார்.

12. அரங்குச் சாவி யாரிடம்?

உங்களுக்குப் பிறகு அந்த முழுப் பிரதி என்ன ஆகும் என்பதை இப்போதே தீர்மானியுங்கள். என்னுடையது கடவுச்சொல் போட்ட ஒரு பென்டிரைவ், ஒட்டிய காக்கி உறை ஒன்று. உறை மதினியிடம் இருக்கிறது. குடும்பத்தில் வாயைத் திறக்காதவர் யார் என்று பார்த்துக் கொடுத்தேன். உறை மேல் எந்தெந்தப் பக்கம் எந்த வருடத்துக்குப் பிறகு திறக்கலாம், எவை எரிக்கப்பட வேண்டும் என்று எழுதியிருக்கிறேன். எரிக்க வேண்டியவை மூன்று பக்கம். சொன்னவர்கள் அப்படிக் கேட்டுக்கொண்டார்கள்.

போன தை மாதம் சித்தியின் மகளிடமிருந்து ஒரு செய்தி வந்தது. "அண்ணா, அம்மா அந்தக் கோட்டைத் திரும்பப் போடச் சொன்னாங்க. ஆனா வருஷம் தப்பாம். 1983 இல்லையாம், 84." பெரியப்பா சொன்ன வருடம் 83. ஒப்புதல் நோட்டை எடுத்து, சித்தியின் பக்கத்தில் தேதி போட்டுக் குறித்துக்கொண்டு, படத்தில் வருடத்தைத் திருத்தினேன்.